பூ இல்லாமல் இறங்கிய மந்தை

அத்தியாயம் 6

அமைதியை விலை போட்டு விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரே சந்தேகம்தான் வரும். சத்தத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

ஓபர்ஷ்வென்ட் கிராமத்தில் இருப்பது ஒரே விடுதி. நுழைந்ததும் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். வரவேற்பு மேஜையில் ஓர் அட்டை: 'மெல்லப் பேசுங்கள். மலை கேட்டுக்கொண்டிருக்கிறது.' இவர்கள் விற்கும் சரக்குக்கு 'ஓர் இரவு, முழு அமைதி' என்று பெயர். ஹனோவரிலிருந்து ஜனங்கள் பத்து மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். மறுநாள் பத்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். வீட்டிலேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"முதலாளியம்மா, பதிவேட்டுல நாம புருஷன் பொண்டாட்டின்னு எழுதிட்டேன்" என்று கஸ்ஸியான் கிசுகிசுத்தான்.

"யாரைக் கேட்டு எழுதினே?"

"கல்யாணமாகி இருபது வருஷம்னு போட்டிருக்கேன். சாப்பாட்டு மேஜையில ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

கஸ்ஸியான் என் உதவியாளன். என்னிடம் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் கேபிள் கார் ஓட்டியவன். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டு, பயத்தில் எதற்கும் சிரிக்கத் தயாராக இருந்த கூட்டத்திடம் பேசிப் பேசி வளர்ந்த வாய் அது. வாயோடு சேர்ந்து வயிறும் வளர்ந்திருந்தது.

நாங்கள் ஓய்வெடுக்க வரவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் இன்ஸ்ப்ரூக்கில் என் துப்பறியும் அலுவலகத்துக்கு அஃப்ரா வந்திருந்தாள். கீழ்க் கிராமமான உன்டர்ஷ்வென்டில் தபால் கொடுப்பவள். முப்பது வயது இருக்கும். அக்டோபரில் அவளுக்கும் விகில் என்பவனுக்கும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. விகிலின் அண்ணன் வென்டலின்தான் இந்த விடுதிக்கும் மாடுகளுக்கும் சொந்தக்காரன். கோடை முழுவதும் விகில் மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் மந்தையோடு இருந்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவளுக்குச் செய்தி வந்தது: 'போகிறேன். தேடாதே.' அதோடு அவனுடைய போன் அடங்கிவிட்டது. ஹாம்பர்க்கில் கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்று வென்டலின் ஊரெல்லாம் சொன்னான். வயது வந்த ஆண் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

"ஒண்ணு அவன் என்னை விட்டுட்டுப் போயிருக்கான். இல்லேன்னா செத்துப்போயிட்டான்" என்றாள் அஃப்ரா. "எதுன்னு மட்டும் சொல்லிடு. மூணு வாரமா எதுக்கு அழறதுன்னு தெரியாம அழுதுட்டிருக்கேன்."

என்னிடம் ஒருமையில்தான் பேசினாள். எங்கள் பக்கத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேலே யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. மலை இறங்கியதும் எல்லோருக்கும் மரியாதை திரும்பி வந்துவிடும். அஃப்ரா இறங்கி வந்த பிறகும் மலையிலேயேதான் இருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் அவளைப் பற்றி நான் உயர்வாக நினைக்கவில்லை. ஓடிப்போனவனுக்காகக் காத்திருக்கும் இன்னொரு பெண் என்று மனத்துக்குள் ஓர் அடுக்கில் போட்டு மூடிவிட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல்முனை, விகிலைக் கடைசியாகப் பார்த்த வென்டலின். கோடை மேய்ச்சல் முடிந்து அன்று மந்தை மலையிறங்கியிருந்தது; அவனோ வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஹனோவர்க்காரி ஒருத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"படத்துல மாடு எல்லாத்துக்கும் தலையில பூக்கிரீடம் இருக்கு. பெரிய பெரிய மணி இருக்கு. இன்னைக்கு இறங்கினது வெறும் மாடுங்க! அதைப் பார்க்கவா வந்தோம்?"

வென்டலின் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டான். அகன்ற தோள், சிவந்த கன்னம், சுற்றுலாக்காரர்களுக்கென்றே வளர்த்த தாடி.

"அம்மா, ஜூலையில பாறையில இருந்து ஒரு மாடு சறுக்கி விழுந்துடுச்சு. மேலே இருக்கறப்போ மாடு செத்தா, அந்த வருஷம் மந்தைக்குப் பூ வைக்க மாட்டோம். பெரிய மணி கட்ட மாட்டோம். துக்கம்."

அவள் கண் கலங்கிவிட்டது. அழகான வழக்கம் என்றாள். அந்த மாட்டுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றலாமா என்று கேட்டாள். பின்னால் நின்ற அவளுடைய கணவன் மூக்கைச் சிந்தினான். கீழே அவர்கள் ஊரில் மூன்று பேருந்துகள் கவிழ்ந்தாலும் இந்தக் கைக்குட்டை வெளியே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. அவர்களை இகழ்வதில் முழுதாக மூழ்கிப்போனேன். அவன் சொன்னதைக் கேட்டேன். யோசிக்கவில்லை. இகழ்ச்சி மனத்துக்குச் சுகமாக இருக்கும், அதனாலேயே அது எதையும் சரியாகப் பார்க்க விடாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆறு மணிக்குச் சாப்பாட்டு அறை நிறைந்தது. கரண்டிச் சத்தம் மட்டும்தான். கணப்புக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் மேஜை. அங்கே வெளியூரான் உட்காரக் கூடாது என்பது பலகையில் எழுதியே மாட்டியிருந்தது. கஸ்ஸியான் அதைப் படித்தான், தலையாட்டினான், போய் உட்கார்ந்தான்.

அங்கே மூன்று பேர் இருந்தார்கள். மரம் வெட்டும் ஒருவர், தீயணைப்புப் படைத் தலைவர், பழைய ஊர்த்தலைவர்.

"பலகை கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் மரம்வெட்டி.

"தெரிஞ்சுது. ஆனா என் பொண்டாட்டி அதோ உட்கார்ந்திருக்கா. அதுவும் தெரியுது. எதுக்கு அதிகமாப் பயப்படணும்னு யோசிச்சேன்."

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ரொட்டி உருண்டை சூப்பை வெறித்துக்கொண்டிருந்தேன். நடிக்கத் தேவையிருக்கவில்லை.

"உட்காரு" என்றார் ஊர்த்தலைவர்.

கஸ்ஸியான் எல்லோருக்கும் ஒரு கிளாஸ் பழச்சாராயம் சொன்னான். வானிலை பேசினான். பிறகு பெருமூச்சு விட்டான். "பாவம்ப்பா அந்த மாடு. அதுக்குப் பேரு என்ன?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் மறந்துபோகலாம், பக்கத்து வீட்டு மாட்டின் பெயர் மறக்காது.



"ஷெக்" என்றார் மரம்வெட்டி.

அதே நேரத்தில் "ப்ளெஸ்" என்றார் தீயணைப்புத் தலைவர்.

ஊர்த்தலைவர் இருவரையும் முறைத்தார். "கிராஃபின்தான் விழுந்துச்சு" என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல. கிராஃபின் என்றால் சீமாட்டி.

பிறகு மூவரும் சாராயத்தைக் குடித்தார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

கஸ்ஸியான் என் மேஜைக்குத் திரும்பி வந்தான். "ஒரே மாட்டுக்கு மூணு பேரு. ஹாப்ஸ்பர்க் ராஜகுமாரியாத்தான் இருக்கணும்."

"ஹெலிகாப்டர் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன். இங்கே மாடு விழுந்தா ஹெலிகாப்டர்ல கட்டித் தொங்கவிட்டுத்தானே இறக்குவாங்க? பள்ளத்தாக்கே அண்ணாந்து பார்க்கும். இந்த ஜூலையில பார்த்தீங்களான்னு கேட்டதுக்கு மூணு பேருக்கும் ஒரே நேரத்துல புரை ஏறிடுச்சு."

"மூணு பேரும் பொய் சொல்றாங்க."

"பொய் சொல்றது பெரிசில்ல முதலாளியம்மா. ஒத்திகை பார்க்காம சொல்றாங்க. பழைய பொய்யா இருந்தா இந்நேரம் ஒரு மாட்டையாவது முடிவு பண்ணியிருப்பாங்க. இது இன்னைக்குச் சாயந்திரம் வெந்த பொய். இன்னும் ஆவி பறக்குது."

அவனைப் பல நாள் வேலையை விட்டு அனுப்ப நினைத்திருக்கிறேன். இப்படி ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

வென்டலினின் குளிர்காலத் தொழுவம் கீழே உன்டர்ஷ்வென்டில் இருந்தது. காரில் பத்து நிமிடம். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தொழுவத்தில் ஆளில்லை. இருபக்கமும் வரிசையாகச் சாம்பல் நிறப் பசுக்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயும் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதிய சின்னப் பலகை. கஸ்ஸியான் ஒரு பக்கமாகவும் நான் மறுபக்கமாகவும் எண்ணிக்கொண்டு போனோம்.

"இருபத்திரண்டு பலகை. இருபத்திரண்டு மாடு" என்றேன். காலி இடம் ஒன்றுகூட இல்லை.

"இங்கே வாங்க. செத்துப்போன மூணு பேரும் ஒரே வரிசையில நின்னு புல்லு மென்னுகிட்டிருக்காங்க." கஸ்ஸியான் ஒவ்வொன்றின் நெற்றியாகத் தட்டினான். "ஷெக். ப்ளெஸ். இது கிராஃபின். வணக்கம் சீமாட்டி, இறுதிச் சடங்குக்கு வர முடியலை, மன்னிச்சிடுங்க."

தொழுவத்தின் பின்புறம் ஒரு தள்ளுவண்டி நின்றது. மேலே தார்ப்பாய். நான் விலக்கினேன். ஊசியிலைக் கிளை, காகித ரோஜா, சிவப்பு ரிப்பன், நடுவில் சின்னக் கண்ணாடி. பூக்கிரீடங்கள். இருபத்தொன்று ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் நசுங்கி, மாட்டு மயிர் ஒட்டி, ஓரமாகக் கிடந்தது.

இவற்றைக் கட்ட இரண்டு வாரமாவது ஆகும். ஜூலையிலேயே மாடு செத்திருந்தால் செப்டம்பரில் எந்த மடையன் உட்கார்ந்து காகித ரோஜா செய்வான்? பூ வைக்கத்தான் இருந்திருக்கிறான். இன்று காலைவரை வைக்கத்தான் இருந்திருக்கிறான். முதல் மாட்டுக்கு வைத்தும்விட்டான். பிறகு எடுத்துவிட்டான்.

அப்போதுதான், இரண்டு மணி நேரம் தாமதமாக, எனக்கு உறைத்தது. வென்டலின் ஹனோவர்க்காரியிடம் வழக்கத்தில் பாதியைத்தான் சொல்லியிருந்தான். மீதிப் பாதியை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். மாடு செத்தாலும் பூ இல்லை. அந்த வீட்டு மனிதர் செத்தாலும் பூ இல்லை.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அண்ணன், தம்பி.

"ஒண்ணு புரியலை" என்றான் கஸ்ஸியான். கேலி போய்விட்டிருந்தது. "மறைக்கிறவன் பூவை வச்சுட்டுப் போயிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

நான் கோயிலுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. கடவுள் இருந்தால் எனக்கு அவரிடம் பேச எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கும் புது ரொட்டியை வெட்டுவதற்கு முன்னால், அடிப்பக்கம் கத்தி நுனியால் ஒரு சிலுவை கீறாமல் என் கை வெட்டாது. நம்பிக்கை செத்த பிறகும் கை அதன் போக்கில் பயந்துகொண்டிருக்கும். துக்கத்தை மறைத்துப் பூ வைத்தால் அடுத்த வருடம் மந்தை முழுவதும் விழும் என்று வென்டலினுக்கு ஐந்து வயதில் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். போலீசிடம் பொய் சொன்னான், பாதிரியாரிடம் சொன்னான், தம்பி கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணிடம் சொன்னான். மாட்டிடம் சொல்ல அவன் கைக்கு வரவில்லை.

கதவு திறந்தது. பால் வாளியோடு வென்டலின் நின்றான். எங்களைப் பார்த்தான். தள்ளுவண்டியைப் பார்த்தான்.

"விருந்தாளிங்களுக்கு இங்கே வேலையில்லை" என்றான்.

"விகில் எங்கே?" என்றேன்.

"ஹாம்பர்க்ல."

"உயிரோட இருக்கிறவனுக்காகவா மாட்டு நெத்தியில இருந்து பூவைப் பிடுங்கினே?"

வாளி தரையில் இறங்கியது. அவன் எதிர்த்து நிற்பான் என்று நினைத்தேன். கறவை முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் கொல்லலை."

"அப்படின்னா?"

"அமைதிப் பாதை... விருந்தாளிங்க மேய்ச்சல் குடிசை வரைக்கும் நடக்கறதுக்கு நான் வெட்டின பாதை. ஓரத்துக்குக் கம்பி வேலி போடணும்னு விகில் சொல்லிட்டே இருந்தான். கம்பி போட்டா அழகு போயிடும்னு நான் விடலை. இருபத்தேழாம் தேதி விடியக்காலம், எனக்குத் தெரியாம அவனே கம்பு நடப் போயிருக்கான். சறுக்கிட்டான்."

"கம்பி போடப் போய் விழுந்தானா?" என்றான் கஸ்ஸியான்.

"அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சா பாதையை மூடிடுவாங்க. விடுதி பூரா நிறைஞ்சிருந்துச்சு. சீசன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"அக்டோபர்ல சொல்லியிருப்பியா? அவ கல்யாணத் தேதி அன்னைக்கா?"

அவன் வாளியைக் காலால் ஓரம் தள்ளினான்.

"அவன் போன்ல இருந்து செய்தி அனுப்பினது நீதானே?"

தலையாட்டினான்.

"இப்ப எங்கே இருக்கான்?"

"குடிசைக்குக் கீழே பாறைக்குழியில. கல்லு அடுக்கியிருக்கேன். ஜெபம் சொன்னேன்." ஜெபம் சொன்னதை என் முன்னால் ஒரு ரசீதுபோல நீட்டினான்.

கிளம்பத்தான் இருந்தேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "நீ பார்த்தப்போ செத்திருந்தானா?"

ஒரு பசு சங்கிலியை இழுத்தது. வென்டலின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு மணிக்குப் பார்த்தேன். மூச்சு இருந்துச்சு. முதுகு போயிருந்துச்சு. எப்படியும் பிழைச்சிருக்க மாட்டான்." கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "காலைச் சாப்பாட்டு நேரம். இருபது பேரு காத்திருந்தாங்க. ஹெலிகாப்டர் வந்தா எல்லாரும் பார்ப்பாங்க. மத்தியானம் திரும்பிப் போனேன். அப்ப இல்லை" என்றான்.

கஸ்ஸியான் தார்ப்பாயை எடுத்து அந்த நசுங்கிய கிரீடத்தின் மேல் மூடினான். 

மாடு விழுந்தால் ஹெலிகாப்டர் வரும் பள்ளத்தாக்கு. கொலைகாரர்களை எனக்குத் தெரியும், அவர்களில் சிலர் மீது ஒருவித மரியாதைகூட இருந்திருக்கிறது, குறைந்தபட்சம் அவர்கள் எதையோ மிகவும் விரும்பியிருப்பார்கள். இவன் விரும்பியது யாரும் எதையும் கேட்காமல் இருப்பதை மட்டும்தான். போலீசுக்குப் போன் செய்தேன். கஸ்ஸியானை வாசலில் நிறுத்திவிட்டு அஃப்ராவின் வீட்டுக்கு நடந்தேன். நாலு வீடு தள்ளி.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். மூன்று பெயர், இருபத்திரண்டு பலகை, இருபத்திரண்டு கிரீடம். வாக்கியங்களை வரிசைப்படுத்தும்போது உள்ளே எங்கோ ஒரு மூலையில், என்னை அறியாமல், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் கதவு திறந்திருந்தது. கறுப்பு உடை உடுத்தி, மலைக்காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். "நாலு மணிக்கே தெரியும். முதல் மாடு தெருமுனை திரும்பறப்பவே பார்த்தேன். வெறும் தலை. இந்த வருஷம் மாடு எதுவும் விழலை. தெருவுல நின்ன ஆம்பளைங்க எல்லாம் தொப்பியைக் கழட்டினாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் யாரும் பார்க்கலை."

தெருவுக்கே நாலு மணிக்குத் தெரிந்தது. அதே பள்ளத்தாக்குப் பாலைக் குடித்து வளர்ந்த எனக்கு அப்போது தெரியவில்லை, ஹனோவர்க்காரியின் கணவனுடைய கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கேன்னுதான் தெரியலை. நீ கண்டுபிடிச்சியா?"

சொன்னேன். பாதை, கம்பு, பாறைக்குழி. அவள் கேட்டுக்கொண்டே அடுத்த காலணியைக் கட்டினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"அப்ப அவன் என்னை விட்டுட்டுப் போகலை" என்றாள்.

நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு கணம் அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெருவில் காலடிச் சத்தம். மேல் கிராமத்து மேஜையிலிருந்த அந்த மூன்று பேரும் கயிறும் தூக்குக்கட்டிலும் எடுத்துக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"உனக்குத் துணையா வரலாம்னு..." என்று ஊர்த்தலைவர் இழுத்தார்.

"நாலு மணியில இருந்து என்ன பண்ணினீங்க?"

மரம்வெட்டி கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நில்லுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உடனே போயிட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மூவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், அன்பினால்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்களை அவ்வளவு இகழ்ந்துவிட்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லை. ஏழு மணிக்கு வென்டலின் பார்த்தப்போ உயிர் இருந்துச்சு. யாரையும் கூப்பிடலை. மத்தியானத்துக்குள்ள போயிருக்கு. ஆகஸ்ட் இருபத்தேழு."

அவள் விரலில் நாள் எண்ணினாள்.

"இருபத்தேழு, புதன்கிழமை" என்றாள். "அன்னைக்குப் பதினோரு மணிக்கு விடுதிக்குப் பதிவுத் தபால் கொண்டு போனேன். வென்டலின்தான் கையெழுத்துப் போட்டான். விகில் மேலே எப்படி இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்கான்னான். வெயில்ல வந்திருக்கே, உட்காரு, ஒரு காபி குடிச்சுட்டுப் போன்னான்."

கயிற்றை வாங்க மரம்வெட்டியிடம் கையை நீட்டினாள்.

"குடிச்சேன்" என்றாள்.